கஸ்முரிக்கு இல்லாத நோய்

கஸ்முரி சாகும்போது அவனுக்கு ஒரு நோயும் இல்லை. அன்று காலையில் என்னோடுதான் ஆற்றில் இறங்கி மணல் அள்ளினான். மலையில் மேகம் கட்டுவதைப் பார்த்து மேஸ்திரி விசில் ஊதவும் எல்லோரும் கரையேறினோம். வரும் வழியெல்லாம் ‘காங்’, அதாவது அண்ணன் என்று கூப்பிட்டபடி என் மண்வெட்டியைக் கேலி செய்துகொண்டே வந்தான்.

"காங் துகிரான், உன் மண்வெட்டியும் உன்னை மாதிரியே ஆயிடுச்சு. உன் பல்லு ஆடற மாதிரி அதோட பிடி ஆடுது."

வீட்டுக்குப் போனான், காலைக் கழுவினான், தேநீர் கேட்டான். டம்ளரைக் கையில் வாங்கியவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் பெண்சாதி வர்சித்தி அலறியது அடுத்த வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது தேநீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. உயிர் இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாரடைப்பா இருக்கும்" என்றாள். அவனுடைய சீட்டு எதுவும் அவர்களிடம் இல்லை. அந்த வாசற்படியை அவன் மிதித்ததே இல்லை.

ஊர் கூடியது. வந்தவர்கள் முதலில் பிணத்தைப் பார்த்தார்கள். அடுத்து, சுவரோரம் நின்ற புது ஐஸ்பெட்டியைப் பார்த்தார்கள்.

அந்த ஐஸ்பெட்டி கலிமந்தானில் வேலை பார்க்கும் வர்சித்தியின் தம்பி அனுப்பிய பணத்தில் வந்தது. ஐஸ் கட்டியும் குச்சி ஐஸும் விற்கலாம் என்று வாங்கினாள். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? எங்கள் ஊரில் வாட்டசாட்டமான ஓர் ஆள் நோய் நொடி இல்லாமல் செத்தால் அதைச் சாவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலையில் இருப்பதனிடம் ரகசியமாகப் போய்ப் பணம் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்பார்கள். பணம் வரும். பதிலுக்கு வீட்டில் ஓர் உயிர் போகும். அந்தக் காசில் வந்ததைத் தின்றவர் வீட்டுக்கும் அது வரும் என்பார்கள். மேற்குத் தெரு தார்மியின் புருஷன் தூக்கத்தில் செத்தபோது அவள் வீட்டு வாசலில் புது மோட்டார்சைக்கிள் நின்றது. அவள் முகத்துக்கு நேரே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் பொரித்த பலகாரத்தை வாங்குவதை மட்டும் நிறுத்தினார்கள். எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும், அவள் உட்கார்ந்தே இருப்பாள். கடைசியில் ஊரைவிட்டே போய்விட்டாள்.

பிணத்தைக் குளிப்பாட்டும் வேலையும் சாவு அறிவிக்கும் வேலையும் மொடின் ஜுமாங்கினுடையவை. ஊரே மரியாதையாக ‘பாக்’ என்று கூப்பிடும் அவர் பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது வர்சித்தியிடம் குனிந்து கேட்டார்.

"என்னன்னு சொல்லட்டும்மா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "ரொம்ப நாளா நெஞ்சு நோவுன்னு சொல்லிடுங்க, பாக்."

"நோவா? போன வெள்ளிக்கிழமைதானேம்மா பள்ளிவாசல் கூரைக்கு ஓடு ஏத்தினான்?"

"சொல்லிடுங்க, பாக்."

மொடின் ஐஸ்பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: நெடுநாள் நெஞ்சு நோயால் அவதிப்பட்டுவந்த சகோதரர் கஸ்முரி இறைவனிடம் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு ஊர் செய்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஊருக்கு மொடின் வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கை மணலைப் போட்டு அந்த நோய்க்கு மேடு கட்டினார்கள். காப்பிக்கடை அக்கா சரிந்தென், அவன் காப்பியில் இஞ்சி தட்டிப் போடச் சொல்லிக் கேட்பான் என்றாள். கிழட்டு சைமூன், உடம்பில் ஏறிய காற்று இறங்கத் தான்தான் காசை வைத்து அவன் முதுகைச் சுரண்டிவிட்டதாகச் சொன்னார்.

"சிவப்பா வரலடா, கறுப்பா வந்துச்சு. அவ்வளவு காத்து உள்ள. அப்பவே சொன்னேன், இவன் தாங்க மாட்டான்னு."

ஏழாம் நாள் ஓதுதலுக்குள் கஸ்முரி ரத்தம் துப்பத் தொடங்கியிருந்தான். என் பெண்சாதி பாய்னெம் அதைக் கண்ணால் பார்த்ததாகப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீ எப்படி பாத்த?"

"பாக்கலன்னா என்ன? சொன்னா உன் வாயா தேயுது? லிந்தாங் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? அவ பக்கத்துல நாலு புள்ளைங்க உக்கார வேண்டாமா?"

லிந்தாங் அவர்களுடைய மகள். பாய்னெம் சொன்னது சரிதான். அந்த நாட்களில் என் ஊரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கஸ்முரி பேரில் ஒரு காப்பீட்டுப் பாலிசி இருப்பது நாற்பதாம் நாள் வாக்கில்தான் பேச்சுக்கு வந்தது. அதை விற்றவள் ருஸ்மியாத்தி, நாங்கள் மரியாதைக்கு ‘இபு’ என்று கூப்பிடும் வாத்தியார் வீட்டம்மா. கூலி போடும் நேரம் பார்த்து ஆற்றங்கரைக்கு வருவாள். மணல் மூட்டை மேல் துணியை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். எங்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதத் தெரியாதென்று அவளே எழுதுவாள். நோய் இருக்கிறதா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள் அதில் இருக்கும். அவள் எதையும் கேட்கவில்லை. ‘இல்லை’, ‘இல்லை’ என்று மேலிருந்து கீழே வாய்க்கால் வெட்டுவதுபோல் ஒரே இழுப்பாகக் குறி போட்டுவிட்டுக் கடைசியில் விரலை வைத்துக் காட்டுவாள்.

"இங்க ஒரு கையெழுத்து, காங். அவ்வளவுதான்."

நானும் போட்டேன். சில மாதம் கட்டிவிட்டு விட்டுவிட்டேன். கஸ்முரி விடவில்லை. சிகரெட்டை நிறுத்தி அதைக் கட்டினான். அதற்காக அவனை நாங்கள் செய்யாத கேலி இல்லை. "செத்தா பணக்காரன் ஆகப்போற ஆளு, தள்ளி நில்லுங்கடா" என்போம்.

அந்தப் பணம் வந்தால் வர்சித்தி ஊரிலேயே இருக்கலாம். லிந்தாங் படிக்கலாம். வராவிட்டால் ஹாங்காங்கில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டப் போக வேண்டும். ஆள் பிடிக்கும் தரகன் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து திண்பண்டம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். லிந்தாங்கை யாரிடம் விடுவது என்பதுதான் பாக்கிப் பேச்சு.

பணத்துக்குப் பதிலாக பாக் ஹந்தோகோ வந்தார்.

கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. ‘ஆபீசிலிருந்து வருகிறார்’ என்று மட்டும் ருஸ்மியாத்தி சொல்லியிருந்தாள். பாத்திக் சட்டை போட்டிருந்தார். துக்கத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவருவதுபோல் சர்க்கரையும் தேயிலையும் கொண்டுவந்தார். வர்சித்தி வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பெரியவர்களிடம் பேசும் மரியாதைச் சொற்களாகத் தேடித் தேடிப் பேசினார். எங்களிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் ஆற்றிலிருந்து வந்து சேரும்போது சைமூன், சரிந்தென், பாய்னெம் என்று ஏழு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்ப நாள் கஷ்டப்பட்டாராமே?" என்றார் ஹந்தோகோ. கேள்வி மாதிரியே இல்லை, ஆறுதல் மாதிரி இருந்தது.

"ஆமாங்க பாக், ரொம்ப" என்றார்கள் எல்லோரும். வீடு தேடி வந்த விருந்தாளி சொல்வதை இல்லை என்று மறுப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

"ரத்தம் ரத்தமா துப்பினான் பாக்" என்றார் சைமூன்.

"அடடா. எத்தனை நாளா?"

"அது இருக்கும், ரெண்டு மூணு வருஷம்."

"மூணுன்னே வச்சுக்கலாமா?"

"வச்சுக்குங்க. மூணுக்குக் கீழ எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

சைமூன் எங்களைப் பெருமையாகப் பார்த்தார். சண்டை போட்டுக் கூலி ஏற்றிக் கொடுத்தவர் முகத்தில் வரும் பெருமை அது. அவர் கணக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருடைய கணக்கும் அதுதான். அதிகமாகக் கஷ்டப்பட்டவனுக்கு அதிகமாகக் கொடுப்பார்கள். நேற்று விழுந்து இன்று செத்தவனுக்கும் மூன்று வருஷம் இருமியவனுக்கும் ஒரே தொகையா கொடுப்பான்? உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

ஹந்தோகோ என் பக்கம் திரும்பினார். "நீங்க அவரோட வேலை செஞ்சவராமே, காங்?"

"ஆமா. நல்லா வேலை செய்வான்."

தலையை ஆட்டினார். அதை மட்டும் எழுதவில்லை. வர்சித்தி வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். ஹந்தோகோ எழுதி முடித்த காகிதங்களை எடுத்து, அவர்கள் சொன்னதை அவர்களுக்கே படித்துக் காட்டினார். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது நெஞ்சில் கை வைத்து விடைபெற்றார்.

"நல்ல மனுஷன், காங்" என்றாள் வர்சித்தி. "நம்ம பாய்ல இவ்வளவு மரியாதையா யாரும் உக்காந்ததில்ல."

அடுத்த மாதம் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். வர்சித்தி பொறுமையாக நின்றாள். பாலிசி எடுத்து இரண்டு வருஷம் ஆகாததால் விசாரித்ததாகவும், எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்தது தெரியவந்ததாகவும், அதனால் பணம் தர முடியாது என்றும் எழுதியிருந்தது. ‘மறைத்து’ என்ற சொல்லை நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

"எதை மறைச்சாராம்?" என்றாள்.

"நோயை."

"எந்த நோயை?"

நான் கடிதத்தை மடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு இப்போது நினைத்தாலும் பிடிப்பதில்லை.

ருஸ்மியாத்தியைப் போய்ப் பார்த்தோம். வாசலில் நிற்கவைத்தே பேசினாள்.

"நான் என்ன பண்றது? உங்க ஊர்க்காரங்க வாய் அப்படி. நோய் இருக்கான்னு நான் ஒவ்வொண்ணா படிச்சுக் கேட்டுத்தானே எழுதினேன்?"

"எப்ப இபு கேட்டீங்க? லாரி சத்தத்துலயா?" என்றேன்.

"பெரிய வக்கீல் மாதிரி பேசாதீங்க, காங். நீங்க பாதியில கட்டாம விட்ட ஆளு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணல் லாரி டிரைவர் ஒருவன் மோட்டார்சைக்கிள் கடனில் ஏமாந்து, மாலாங் நகரத்தில் நுகர்வோர் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் மன்றத்துக்குப் போய் ஜெயித்தவன். அவன்தான் வழி சொன்னான். முதலில் கம்பெனிக்கே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் முடியாது என்று சொன்ன காகிதத்தை எடுத்துக்கொண்டு போனால் செலவில்லாமல் விசாரிப்பார்கள். கம்பெனிக்கு எழுதினோம். முதல் கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பியதுபோல் பதில் வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்தின் பக்கம் ஒருவர், வியாபாரிகள் பக்கம் ஒருவர், எங்களைப் போன்றவர்கள் பக்கம் ஒருவர். நடுவில் இருந்தவர் இபு பிரதிவி என்ற அம்மாள். கம்பெனிக்காக வந்த வக்கீல் சின்னப் பையன், சுராபாயாக்காரன். பாக் ஹந்தோகோவும் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வணங்கினார்.

"மூணு வருஷ நோய்னு சொல்றீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா? மருந்துச் சீட்டு? டாக்டர் பேராவது?" என்று பிரதிவி அம்மாள் வக்கீலைக் கேட்டார்.

"ஏழு பேர் எழுத்துமூலமா சொல்லியிருக்காங்க, மேடம்."

"அதுல டாக்டர் யாரு?"

"ஒருத்தர் முதுகு சுரண்டிவிட்டவர்."

வியாபாரிகள் பக்கத்து ஆள் சிரிப்பை அடக்க இருமினார். அம்மாள் சிரிக்கவில்லை. பாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறிகளெல்லாம் ஒரே பேனா இழுப்பாக இருந்ததைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு வர்சித்தியிடம் வந்தார்.

"அம்மா, நோய் இருந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது அவங்கதான். நீங்க இல்ல. அவங்ககிட்ட இருக்கறது ஊர்ப் பேச்சு மட்டும்தான். ஆனா ஏழு பேர் பேச்சு இது. இவரு நல்லா இருந்தாருன்னு நீங்க சொல்லுங்க. ஊர்ல ரெண்டு பேராவது வந்து சொல்லட்டும். அது போதும்."

அவரே மறுபடி கேட்டார்.

"நல்லா இருந்தாருன்னா, அந்த ஏழு பேரும் எதுக்கு அப்படிச் சொன்னாங்க?"

அந்த மேஜைக்கு முன்னால் மலையில் இருப்பதனைப் பற்றி எப்படிச் சொல்வது? வர்சித்தி முக்காட்டு நூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது எங்க ஊரு மரியாதைங்க, இபு."

பிரதிவி அம்மாள் காகிதத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். "புரியுது. நானும் கிராமத்துலேருந்து வந்தவதான். ஆனா அதை எந்தத் தீர்ப்புலயும் எழுத முடியாதும்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில் வர்சித்தி கேட்டாள்.

"அவர் நல்லா இருந்தாருன்னு சொன்னா நான் என்ன ஆவேன், காங்?"

"சொல்லலன்னா?"

"ஹாங்காங். லிந்தாங்க யாருகிட்ட விடுவேன்?" கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நல்லாத்தான இருந்தாரு. கட்டின புருஷன் நல்லா இருந்தாருன்னு சொல்றதுக்கு ஒருத்தி பயப்படணுமா?"

அவள் என்னைக் கேட்கவில்லை.

ஊரில் வீடு வீடாகப் போனோம். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "ஆகட்டும், பாக்கலாம்" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்றுதான் பொருள். சைமூனுக்கு மட்டும் கோபம் வந்தது.

"அப்ப நான் பொய்யனா? இந்தக் கண்ணால ரத்தத்தைப் பாத்தவன்டா நான்."

"எங்க பாத்தீங்க?"

"கேணிக்கிட்ட. வாழை மரத்தடியில துப்பினான். இப்பவும் என் கண்ணுலயே நிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அது தெரிந்தது. பாய்னெம் இன்னும் மோசம்.

"நான் சாகற வரைக்கும் சொல்லுவேன், அவன் இருமினான். நீ எதுக்கு அவளைக் கெடுக்கற? இத்தனை பேர் சேர்ந்து மூடி வச்சதை நீ எதுக்குத் தோண்டற?"

"பணம் வர வேண்டாமா?"

"வரட்டும். வந்தப்புறம் பாரு."

கடைசியில் வர்சித்தியோடு சாட்சி சொல்ல நானும் மேஸ்திரியும் மொடினும்தான் போனோம். மேஸ்திரி, கஸ்முரி ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை என்றார். நான், சாவதற்குச் சற்று முன்புவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்தான் என்றேன். மொடின் எழுந்து நின்றுதான் பேசுவேன் என்றார்.

"பள்ளிவாசல் ஒலிபெருக்கியில நான் அன்னிக்குச் சொன்னது உண்மை இல்ல. அவனுக்கு நெஞ்சு நோவு கிடையாது."

வக்கீல் பையன் துள்ளி எழுந்தான். "அன்னிக்குப் பள்ளிவாசல்லயே பொய் சொன்னவரு, இன்னிக்கு இங்க உண்மை சொல்றாருன்னு எப்படிங்க நம்பறது?"

"நம்ப வேணாம் தம்பி" என்றார் மொடின். "அவனைக் குளிப்பாட்டினவன் நான். அவன் முதுகுல ஒரு கீறல் கிடையாது. காசு வச்சுச் சுரண்டின தழும்பு ஒரு வாரத்துக்காவது நிக்கும். ஆண்டவன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ உன் கம்பெனிகிட்ட பேசிக்க."

வர்சித்தியின் முறை வந்தது. அவள் அதிகம் சொல்லவில்லை.

"நல்லா இருந்தாருங்க. இருமல்கூடக் கிடையாது. டீ கேட்டாரு. குடிக்கல."

வெளியே கேன்டீனில் பாக் ஹந்தோகோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார்.

"என் மேல கோபமா, காங்? நான் பொய் ஒண்ணும் எழுதல. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். உங்க ஊர்ல ஒருத்தர்கூட அவர் நல்லா இருந்தாருன்னு சொல்லல."

"நான் சொன்னேனே. நல்லா வேலை செய்வான்னு."

"சொன்னீங்க." அவர் காப்பியைக் கலக்கினார். "அதை எந்தக் கட்டத்துல போடறது, காங்?"

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்ட தொனியில் திட்டுவதற்கு இடமே இல்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கேட்காமல் குறி போட்ட பாரத்தைக் காட்டி, வாடிக்கையாளர் மறைத்தார் என்று சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஊர்ப் பேச்சு மருத்துவச் சான்று ஆகாது என்றும் எழுதியிருந்தார்கள். திடகாத்திரமாக இருந்தவர் திடீரென்று இறந்தார் என்பது நிரூபணமாகிறது என்று ஒரு வரி இருந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

அந்த ஒரு வரி எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிரில் வந்தால் சிரித்தார்கள். "பணம் வந்துடுச்சாமே, சந்தோஷம்" என்றார்கள். குழந்தைகள் ஐஸ் வாங்க வரவில்லை. அது மழைக்காலம், அதனால் என்று வர்சித்தி சொல்லிக்கொண்டாள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. லிந்தாங் பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக நடந்து வந்தாள். வர்சித்தி புது மோட்டார்சைக்கிளும் வாங்கவில்லை, புது ஓடும் மாற்றவில்லை. கஞ்சத்தனம் என்று பேசுவார்கள் என்று பயந்து கொஞ்சம் செலவழித்தாள். செலவழித்ததையும் பார்த்தார்கள்.

கஸ்முரியின் வருஷ ஓதுதலுக்கு ஆடு அடித்து ஊரைக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லை. தொப்பி வைத்து, பாயில் வரிசையாக உட்கார்ந்து, ஃபாத்திஹா ஓதி, உரக்க ஆமீன் சொன்னார்கள். அவர்கள் ஓதியதைக் கேட்டு வர்சித்தி அடுப்படியில் அழுதாள். கடைசியில் ஆளுக்கு ஒரு சோற்றுப் பெட்டி கொடுத்தாள். "வாசனையே தூக்குது" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். நான் நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

விடிந்து ஆற்றுக்குப் போகும்போது வயல் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். தண்ணீரில் மஞ்சள் சோறு மிதந்து வந்தது. நூடுல்ஸ் வந்தது. ஒரு பல்கூடப் படாத ஆட்டிறைச்சித் துண்டுகள் மதகில் வந்து தங்கி நின்றன. வாத்துகள் கூடிக் கொத்திக்கொண்டிருந்தன. பெட்டிகளைக்கூடக் கிழிக்காமல் மடித்து வரப்பில் அடுக்கியிருந்தார்கள். துடைத்தால் திரும்பப் பயன்படும் என்றோ என்னவோ.

பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினேன்.

"நம்ம பெட்டி எங்க?"

பாய்னெம் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பூனைக்கு வச்சேன்."

"நம்ம வீட்ல பூனை ஏது?"

"எல்லாத்தையும் கேக்காத. நமக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "நீ அங்க சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

அவள் தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள். அன்று முதல் என் தட்டு தனியாக இருக்கிறது.

ஊரில் இப்போது ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதையும் என்னிடம்தான் கேட்க வேண்டும், கடைசியாக அவனோடு இருந்தவன் நான். போன வாரம் சரிந்தென் கடையில் வைத்து சைமூன் கேட்டார். பெஞ்சு நிறைய ஆள் இருந்தது.

"துகிரான், மன்றத்துல சொன்னதை விடு. அது பணத்துக்கு. எங்ககிட்ட உண்மையைச் சொல்லு. அவன் நல்லாத்தான இருந்தான்?"

"நீங்கதான ரத்தம் பாத்தீங்க?"

"பாத்தேன். அதான் கேக்கறேன்." அவர் கண்ணில் கள்ளம் இல்லை. "ஒண்ணு நான் பாத்தது நிஜம். இல்ல நீ சொன்னது நிஜம். எது?"

சரிந்தென் காப்பியைக் கலக்காமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லா இருந்தான் என்றால் வர்சித்தி மலைக்குப் புருஷனைக் கொடுத்தவள். நோயாளி என்றால் கம்பெனியை ஏமாற்றிப் பணம் பறித்தவள். ருஸ்மியாத்தி காதுக்கு அது போகாமலும் இருக்காது. இரண்டில் எதை எடுத்து அவள் தலையில் வைப்பது என்று யோசித்தேன். மூன்றாவதாக ஒரு பதில் உலகத்தில் எங்காவது இருக்கும். என் தலையில் அது இல்லை.

"செத்தவன் பேச்சு எதுக்கு?" என்றேன். "விடுங்க."

சைமூன் பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல? நோவுன்னு அவன் வாயில வரல" என்றார்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.